கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை

போர்ட் லெனனில் ஒரு பெண்மணி தன் கையால் சுட்ட பண்டத்தை உங்கள் முன் வைக்கிறாள் என்றால், தட்டோடு சேர்த்து ஒரு மன்னிப்பையும் வைப்பாள். "சும்மா பேருக்கு வெச்சிருக்கேன், சாப்பிடணும்னு இல்ல." "இந்த வாட்டி செருப்புத் தோல் மாதிரி வந்திருக்கு." கேட்பவர் உடனே பதறிப்போய் "ஐயையோ, அப்படியெல்லாம் இல்ல" என்று மறுக்க வேண்டும். அவள் அந்த மறுப்பை மறுக்க வேண்டும். இந்தச் சடங்கு முடிவதற்குள் தேநீர் ஆறிவிடும். ஆறிய தேநீருக்குத் தனியாக ஒரு மன்னிப்பு உண்டு.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், காற்று ஓயாமல் வீசும் அந்தத் துறைமுக ஊரின் முதல் தொழில் தன்னைத்தானே தாழ்த்திக்கொள்வது. இரண்டாவது தொழில் மீன். போன குளிர்காலத்தில் மீன் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். முதல் தொழில் மட்டும் குறைவில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

அந்தச் சரக்கை டண்டீ நகரத்துக் கல்லூரி வரை ஏற்றுமதி செய்தவன் இன்னஸ் டல்லோக். கல்லூரிப் பத்திரிகையில் கேலிப் பத்தி எழுதுவான். பத்தியில் அடி வாங்குவது பெரும்பாலும் அவனேதான். செலவு குறைவு, வழக்கும் வராது. கடவுள் அவனுக்கு ஒரே ஒரு முகத்தைத்தான் கொடுத்திருந்தார். அது சவப்பெட்டிக் கடைக்காரரின் முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன சொன்னாலும் ஊர் சிரித்தது. பல் வலிக்கிறது என்று சொன்னபோதும் சிரித்தது.

உடம்பில் ஒரே ஒரு இடம்தான் அவனைக் காட்டிக்கொடுக்கும். மனதாரப் பேசினால் அவன் காது சிவந்துவிடும். லேசாக அல்ல, வேகவைத்த நண்டு மாதிரி. ஆரம்பப் பள்ளியில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம் அது. அதனால்தான் முடியை வளர்த்துக் காதின் மேல் விட்டிருந்தான். கல்லூரியில் அதை இலக்கியவாதியின் முடி என்று நினைத்தார்கள். அவனும் மறுக்கவில்லை.

வசந்த காலத்தில் அவன் ஒரு பத்தி எழுதினான். காரமெல் ஷார்ட்பிரெட் எங்கே பிறந்தது என்பது பற்றி. கீழே ஷார்ட்பிரெட் என்னும் வெண்ணெய் மணக்கும் பிஸ்கட், நடுவில் பாலும் சர்க்கரையும் காய்ச்சிய காரமெல், மேலே சாக்லேட். சில இடங்களில் அதைக் கோடீஸ்வர பிஸ்கட் என்பார்கள். கோடீஸ்வரன் யாரையும் பார்த்தறியாத போர்ட் லெனனில் அந்தப் பெயர் ஒட்டவில்லை. எங்கே பிறந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆளாளுக்குத் தங்கள் வீடு என்பார்கள். நேராகச் சொல்லமாட்டார்கள். "எங்க அம்மா ரொம்ப நாள் முன்னாடியே செய்வாங்க, வேற வேலை இல்லாம," என்பார்கள்.

இன்னஸ் ஒரே பத்தியில் வழக்கை முடித்துவைத்தான். ஒருவரோடொருவர் பேசாத மூன்று சகோதரிகள் போர்ட் லெனனில் ஒரே சமையலறையில் வாழ்ந்தார்களாம். மூத்தவள் ஷார்ட்பிரெட் சுட்டு வைத்தாள். இரண்டாமவள் அதைக் காணப் பிடிக்காமல் மேலே காரமெல் ஊற்றி மூடினாள். இளையவளுக்கு இருவர் வேலையையும் பார்க்கச் சகிக்கவில்லை; சாக்லேட்டை உருக்கி எல்லாவற்றையும் மறைத்தாள். சமாதானம் பேச வந்த போதகர் ஒரு துண்டு தின்றுபார்த்துவிட்டு, சண்டை நீடூழி தொடரட்டும் என்று ஆசீர்வதித்துப் போனார்.

பத்திரிகை ஊர் வரை வந்தது. படித்தவர் யாரும் நம்பவில்லை. நம்பிய ஒரே மனிதர் டாரில்.

டாரிலின் தாத்தா இந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி ஆஸ்திரேலியா போனவர். பேரன் அறுபது வயதுக்கு மேல் திரும்பிவந்து, துறைமுகத்துப் பழைய ஐஸ் கிடங்கை வாங்கி, அதில் ஒரு கஃபே திறக்கப்போகிறார். இந்தப் பண்டத்துக்கு அவர் ஊரில் காரமெல் ஸ்லைஸ் என்று பெயர். அது தங்கள் நாட்டுச் சொத்து என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். அவருடைய அத்தை ஏதோ பத்திரிகையில் பார்த்துச் செய்வாளாம். இன்னஸின் பத்தியைப் படித்ததும் பெருந்தன்மையோடு உரிமையைப் போர்ட் லெனனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். கஃபேயின் முக்கியப் பண்டம் அதுதான் என்றும் முடிவு செய்துவிட்டார். ஒரே குறை, அவருக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் ஒரு துணுக்குகூடத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

"அதனாலென்ன, கண்ணு இருக்கு, காது இருக்கு," என்றார் டாரில். சனிக்கிழமை சர்ச் ஹாலில், கூரையைப் பழுதுபார்க்கும் நிதிக்காக, ஊரார் காபியும் பலகாரமும் விற்பார்கள். அங்கே வந்து ஒவ்வொருவரிடமும் நேரில் கேட்பார். எந்தத் தட்டு காலியாகிறது என்று பார்ப்பார். ஜெயித்தவருக்குக் கஃபேயில் சமையல் வேலை.

அந்த வேலை இன்னஸின் அம்மா ரோனாவுக்கு வேண்டும். தொழிற்சாலையில் காலமெல்லாம் புகையிட்ட மீனைப் பெட்டியில் அடுக்கியவள். இது கிடைக்காவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு, அபர்டீனில் அக்கா வீட்டுக் கடைசி அறைக்குப் போய், ஏதாவது சூப்பர்மார்க்கெட்டில் நிற்க வேண்டியதுதான். அவள் செய்யும் காரமெல் ஷார்ட்பிரெட் ஊரிலேயே நன்றாக இருக்கும். சிக்கல் என்னவென்றால், அதை அவளும் சொல்லமாட்டாள், ஊரும் சொல்லாது. மகன் சொன்னால் சிரிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் அடுப்பின் முன் நின்று காரமெல் கிளறிக்கொண்டிருந்தாள். வெண்ணெயும் நாட்டுச் சர்க்கரையும் பாகும் கண்டென்ஸ்டு மில்க்கும் ஒன்றாகச் சேர்ந்து பாத்திரத்தில் கொப்பளித்தன. ஷார்ட்பிரெட் ஏற்கெனவே தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

"அம்மா, இப்ப நான்தான் டாரில்," என்றான் இன்னஸ். "'ரோனா, இது எப்படி இருக்கு?' ம், சொல்லு."

"கிளறுறப்ப பேச்சு குடுக்காதடா. அடி புடிச்சிரும்."

"சொல்லும்மா."

"சுமார்."

"இல்ல."

"ரொம்ப மோசமில்ல."

"அது நமக்குப் பாராட்டு. அவரு ஊர்ல அது புகார்."

"சரி, போன வாரம் செஞ்சது இதைவிட மோசம்."

"அம்மா!"

"பின்ன என்னடா? என் வாயாலயே நல்லாருக்குன்னு சொல்லணுமா? துணியில்லாம சர்ச்சுக்குப் போன்னு சொல்லு, போறேன். அதாவது ஒரு நாளோட போகும். இதை எஃபி கெடிஸ் சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவா."

எஃபி கெடிஸ் என்பவள் சர்ச் ஹாலின் அறிவிக்கப்படாத மகாராணி. அவளும் காரமெல் ஷார்ட்பிரெட் செய்கிறவள். அவளும் அந்த வேலைக்கு நிற்கிறாள். வேலை அவளுக்குத் தேவையில்லை. தோற்றுப்போகாமல் இருப்பதுதான் தேவை.

"டாரிலுக்கு நம்ம பாஷை புரியாதும்மா," என்றான் இன்னஸ். "நீ தீஞ்சு போச்சுன்னா தீஞ்சு போச்சுன்னே எடுத்துக்குவாரு. ஒரே வார்த்தை. நல்லாருக்கு. அவ்வளவுதான்."

"நீ மட்டும் சொல்லிருவியா? எங்க, நீ சொல்லு பாப்போம்."

இன்னஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான். மேடையில் பேசுவதென்றால் அவனுக்குப் பயமில்லை. இது மேடை இல்லை. "நீ செய்றது," என்று ஆரம்பித்தான். பாத்திரத்தைப் பார்த்தான். "நீ செய்றது இந்த ஊர்லயே நல்லாருக்கும்மா."

"கிண்டலா?"

"இல்ல."

அவள் இடது கையை நீட்டி அவன் முடியை ஒதுக்கிக் காதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். கரண்டி நின்றுவிட்டது. பிறகு சட்டென்று நினைவு வந்தவளாகப் பாத்திரத்தின் பக்கம் திரும்பினாள். அதற்குள் அடி பிடித்துவிட்டிருந்தது. பொன்னிறக் காரமெலில் பழுப்புத் துணுக்குகள் மிதந்து மேலே வந்தன.

"பாத்தியா? எல்லாம் உன்னாலதான்," என்றாள் ரோனா. கண்டென்ஸ்டு மில்க் தீர்ந்துவிட்டது. கடையும் மூடிவிட்டது. அதையேதான் ஊற்றியாக வேண்டும்.

வாழ்க்கையில் முதல்முறையாக, அடி தீய்ந்துபோச்சு என்று அவள் சொன்னால் அது உண்மையாக இருந்திருக்கும். அப்படிச் சொல்லக்கூடாத ஒரே நாளும் அதுவாகத்தான் அமைய வேண்டுமா?

மறுநாள் காலை சர்ச் ஹாலில் நீளமேசை போட்டு, வெள்ளைத் தட்டுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாம் காரமெல் ஷார்ட்பிரெட்தான், ஆனால் ஒன்றைப் போல ஒன்றில்லை. எஃபி கெடிஸ் அடிமாவில் ஓட்ஸ் சேர்ப்பாள். பள்ளிக்கூட ஆசிரியை கார்ன்ஃப்ளேக்ஸை நொறுக்கிப் போட்டிருந்தாள். குழந்தைகளோடு பழகியதன் விளைவு என்று மன்னித்தார்கள். ஓய்வுபெற்ற கப்பல்காரர் ஒருவர் இஞ்சி போட்டிருந்தார். யாரோ சாக்லேட் மேல் வெள்ளைச் சாக்லேட்டால் நெளிநெளியாகக் கோடு இழுத்திருந்தார்கள், பார்க்கிங் கூடாது என்று சாலையில் போடுவதைப் போல. ஒரு தட்டில் சாக்லேட்டின் மேல் கடலுப்புத் தூவியிருந்தது. அது எடின்பரோவிலிருந்து குடிவந்தவர்களின் தட்டு. அதைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டே மற்றத் தட்டுகளை வைத்திருந்தார்கள்.

இன்னஸுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. போர்ட் லெனனில் ஒரு தட்டின் கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் வீட்டில் சோறு போடுவதில்லை என்று அர்த்தம். எவ்வளவு ருசியானாலும் ஒரு துண்டு தட்டில் நின்றுவிடும். கூட்டம் கலைந்ததும் அந்தத் துண்டுகளை எல்லாம் ஒரே தட்டில் சேர்ப்பார்கள். உதவிக்கு நிற்பவர்கள் அதைத் தின்பார்கள். அதிலும் ஒன்று மிஞ்சும். அந்த ஒன்று கடைசியில் எங்கே போகிறது என்பது சர்ச்சின் விளக்கமுடியாத விஷயங்களில் ஒன்று. தட்டு காலியாவதைப் பார்த்துத்தான் டாரில் முடிவு செய்வார் என்றால், அவர் உயிர்த்தெழுதல் நாள் வரை காத்திருக்க வேண்டும்.

டாரில் வந்துவிட்டார். அவர் ஊர் வழக்கப்படி எல்லாரையும் மாப்ள என்று கூப்பிட்டார், வாசலில் காசுப்பெட்டியோடு உட்கார்ந்திருந்த பெண் போதகரையும் சேர்த்து.

"மாப்ள!" என்று இன்னஸின் முதுகில் ஒரு தட்டு தட்டினார். "அந்த மூணு அக்கா தங்கச்சி வம்சம் இதுல யாருன்னு சொல்லு."

"டாரில், அது நான் விளையாட்டா எழுதினது. அப்படி யாருமே இல்ல."

டாரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முகத்தைப் பாரு! ஒரு அசைவு இருக்கா? பெரிய ஆளுய்யா நீ."

இன்னஸ் மேசையின் மறுகோடியைப் பார்த்தான். அங்கே அம்மா தன் தட்டின் பின்னால் நின்று, ஏப்ரனைத் திரும்பத் திரும்ப நீவிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. ஒத்திகை பார்க்கிறாளா, ஜெபிக்கிறாளா என்று தெரியவில்லை. எப்படியும் சொல்லமாட்டாள் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அந்தப் பயத்தில்தான் மாற்று ஏற்பாடு ஒன்றைச் செய்தான். தன் வாழ்க்கையில் மாற்று ஏற்பாடு எதுவும் உருப்பட்டதில்லை என்பது அந்த நேரத்தில் அவனுக்கு நினைவுக்கு வரவில்லை.

"டாரில், ஒரு விஷயம். இங்க யாரும் தன் பலகாரத்தை நல்லாருக்குன்னு சொல்லமாட்டாங்க. எவ்வளவுக்கு எவ்வளவு திட்டுறாங்களோ, அவ்வளவுக்கு நல்லாருக்கும்."

டாரில் அவனை உற்றுப் பார்த்தார். உண்மையை நம்பாத மனிதர் இதை உடனே நம்பினார். அவ்வளவு பைத்தியக்காரத்தனமான வழக்கத்தை யாரும் கற்பனை செய்திருக்க முடியாது என்று நினைத்திருப்பார். "அடேயப்பா! அப்ப அதிகமா திட்டுறவங்கதான் ஜெயிச்சவங்க?"

"ஆமா."

டாரில் மேசையின் இந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தார். ஆசிரியை தன்னுடையது பரவாயில்லை, கொஞ்சம் உதிரும் என்றாள். டாரில் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். கப்பல்காரர் இஞ்சி சற்றுத் தூக்கல் என்றார். எடின்பரோக்காரர்கள் தங்களுடையது நேர்த்தியாக வந்திருக்கிறது என்றார்கள். டாரில் அவர்களை அனுதாபத்தோடு பார்த்தார்.

பிறகு எஃபி கெடிஸ். பக்கத்தில் அவள் புருஷன் ஹேமிஷ், கையில் தேநீரும் வாயில் ஷார்ட்பிரெட்டுமாக நின்றிருந்தார்.

"இதைக் கொண்டாந்து வெக்கவே கூடாதுன்னு நெனச்சேன்," என்றாள் எஃபி. குரல் கணீரென்று கூரை வரை போயிற்று. "அடிமாவு காங்கிரீட்டு. துறைமுகச் சுவர் ஒடைஞ்சா இதை வெச்சு அடைக்கலாம். காரமெல் கோந்து. சாக்லேட்டு ஏதோ சேறு அப்பின மாதிரி. நேத்து எங்க வீட்டுக்காரரு ஒரு துண்டு தின்னாரு. விடிய விடிய தூக்கமில்ல."

"நான் நல்லாத்தானே தூங்கினேன்?" என்றார் ஹேமிஷ்.

"நீ சும்மா இரு."

டாரிலின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் இன்னஸைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தார். திட்டுவதுதான் போட்டி என்றால் எஃபியை வெல்ல ஸ்காட்லாந்திலேயே ஆள் கிடையாது. இந்தச் சின்ன விஷயம் ஏன் முன்னமே தோன்றவில்லை? இனி ஒரே வழி, அம்மா எஃபியைவிட அதிகமாகத் திட்ட வேண்டும். அவளால் முடியும். இத்தனை வருஷம் திட்டியவள்தானே. அடி தீய்ந்தது என்று உண்மையைச் சொன்னாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

அவன் டாரிலின் முதுகுக்குப் பின்னாலிருந்து அம்மாவுக்குச் சைகை காட்டினான். தலையை இரண்டு பக்கமும் ஆட்டினான். கையைக் கழுத்தில் வைத்து அறுப்பதுபோல் இழுத்தான். கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டினான். நேற்று முழுக்க அவன் சொல்லிக்கொடுத்ததை இன்று கைவிடச் சொல்கிறான் என்று பாவம் அவளுக்கு எப்படித் தெரியும்? சொல்லாவிட்டால் செத்தோம் என்று மகன் கெஞ்சுவதாகத்தான் எடுத்துக்கொண்டாள். நிமிர்ந்து நின்றாள்.

"வணக்கம் ரோனா," என்றார் டாரில். "உங்களுது எப்படி?"

ரோனா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்லாருக்கு," என்றாள்.

ஹாலில் பேச்சு நின்றது. யாரோ கோப்பையைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. வெந்நீர்ப் பாத்திரம்கூட ஒரு கணம் கொதிப்பதை நிறுத்தியதுபோல் இருந்தது. ரோனா கண்ணைத் திறந்தாள். தான் இன்னும் உயிரோடு இருப்பதைப் பார்த்ததும் தைரியம் வந்துவிட்டது.

"நான்தான் செஞ்சேன். ரொம்ப நல்லாருக்கு."

டாரில் இன்னஸின் காதருகே குனிந்தார். "பாவம் மாப்ள. அவ்வளவு மோசமா?"

இன்னஸ் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அதன்மேல் ஏறினான். நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அவன் ஏறியதும் நொடித்தது. "எல்லாரும் கேளுங்க," என்றான். "எங்கம்மா சொல்றது உண்மை. இந்த ஊர்லயே நல்லா செய்றது எங்கம்மாதான். நான் தமாஷுக்குச் சொல்லல."

ஹால் வெடித்துச் சிரித்தது. கைதட்டினார்கள். பெண் போதகர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "தமாஷுக்குச் சொல்லலன்னான் பாருங்க, அங்கதான் நிக்கிறான் இவன்," என்றார் ஹேமிஷ். "இன்னொண்ணு எடுத்து விடுடா தம்பி!"

இன்னஸ் இறங்கினான். தன்னைத்தானே கேலி செய்து சம்பாதித்த புகழ் முழுவதையும் ஒரே காலையில் அம்மாவின் பெயரில் எழுதிவைத்தாயிற்று. இனி அபர்டீன்தான். பெட்டி கட்ட உதவலாம் என்று நினைத்துக்கொண்டான். பெட்டி கட்டத் தெரியும் என்று யாரும் அவனைச் சந்தேகித்ததில்லை.

அப்போதுதான் எஃபி கெடிஸ் தன் தட்டை விட்டுவிட்டு மெல்ல நடந்து வந்தாள்.

"நல்லாருக்காமே?" என்றாள்.

"ஆமா," என்றாள் ரோனா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ரொம்ப நல்லாருக்காமே?"

"ஆமா எஃபி."

"பாத்துருவோம்."

எஃபி ஒரு துண்டை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சாக்லேட்டில் விரிசல் இல்லை. கடித்தாள். மென்றாள். ஹால் முழுவதும் அவள் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சந்தேகம் தீராதவள்போல் இன்னொரு கடி கடித்தாள்.

ஒரு பெண்மணி தன் பலகாரம் நன்றாக இருக்கிறது என்று வாய்கூசாமல் சொல்லிவிட்டாள். அது எவ்வளவு பொய் என்று நேரில் தெரிந்துகொள்வது ஊரின் கடமை அல்லவா? ஆசிரியை வந்து ஒன்றை எடுத்தாள். கப்பல்காரர் எடுத்தார். வேறு எதற்கும் வரிசையில் நிற்காத ஜனங்கள் குற்றம் கண்டுபிடிக்க வரிசையில் நின்றார்கள். எடின்பரோக்காரர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். குற்றம் இன்னும் அகப்படவில்லை என்று சிலர் இரண்டாவது முறை வந்தார்கள். ஹேமிஷ் மூன்றாவது முறை வந்தபோது எஃபி அவரைப் பார்த்த பார்வையில் அவருடைய அன்றிரவுத் தூக்கம் நிஜமாகவே கெட்டிருக்க வேண்டும்.

கடைசியில் தட்டில் ஒரு துண்டு மிஞ்சியது. எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"அடி புடிச்சிருக்கு," என்றாள் எஃபி.

ரோனாவின் முகம் வெளுத்தது.

"காரமெல்ல பழுப்பா தெரியுது பாரு. லேசா கசப்பு வருது. இனிப்பு திகட்டாம நிக்கறது அதாலதான்." எஃபி கண்ணை இடுக்கினாள். "வேணும்னேதான் புடிக்க விட்டியா?"

ரோனா மகனை ஒரு முறை பார்த்தாள். நல்லாருக்கு என்று சொன்ன வாய்க்கு இனி எதுவும் பெரிதில்லை.

"ஆமா," என்றாள்.

எஃபி தட்டைப் பார்த்தாள். கையை நீட்டினாள். ஊர் பார்க்க, போதகர் பார்க்க, அந்தக் கடைசித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். யாரோ "எஃபி!" என்று முனகினார்கள். அவள் அவசரமே இல்லாமல் மென்று விழுங்கினாள். விரலில் ஒட்டிய சாக்லேட்டையும் விடவில்லை.

"மோசமில்ல," என்றாள்.

ஹாலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ரோனா ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆசிரியை அவள் தோளைத் தொட்டாள். என்ன நடந்தது என்று புரியாதவர் டாரில் ஒருவர்தான். காலித் தட்டையும் மனிதர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாப்ள, எனக்குத் தலை சுத்துது. தட்டு காலி. என் கணக்குப்படி இவங்கதான் ஜெயிச்சவங்க. உன் கணக்குப்படி தோத்தவங்க. அந்த அம்மா மோசமில்லன்னு ஏதோ புகார் சொல்லுது, அதுக்கு இவங்க அழறாங்க. என்னதான் அர்த்தம்?"

"மோசமில்லன்னா, அதுக்கு மேல எங்க ஊர்ல வார்த்தையே கிடையாது, டாரில்."

டாரில் அவன் முகத்தைப் பார்த்தார். சவப்பெட்டிக் கடைக்காரரின் முகம். "போய்யா, உன்கிட்ட போய்க் கேட்டேன் பாரு."

ரோனா மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். மகனின் முடியை இரண்டு பக்கமும் ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகினாள்.

"இவன் நெசம் பேசினா காது செவக்கும்," என்றாள். "ஊருக்கே தெரியும். அதை மறைக்கத்தான் இந்தக் காட்டை வளத்து வெச்சிருக்கான். இப்பக் கேளுங்க."

ஹால் நெருங்கி வந்தது. இன்னஸுக்குத் துணியில்லாமல் சர்ச்சுக்கு வந்ததுபோல் இருந்தது.

"மோசமில்லன்னா என்ன?" என்றார் டாரில்.

"ரொம்ப நல்லாருக்குன்னு அர்த்தம்."

"உங்கம்மா எப்படிச் செய்வாங்க?"

வழக்கமாக இந்த இடத்தில் அவனுக்கு ஒரு கேலி கிடைக்கும். தேடிப் பார்த்தான். கேலி வீட்டில் இல்லை. "நல்லா செய்வாங்க," என்றான். "எப்பவுமே நல்லா செய்வாங்க. நான்தான் ஒரு நாளும் சொன்னதில்ல."

காது இரண்டும் கலங்கரை விளக்கம் மாதிரி எரிந்தன. ஹேமிஷ் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார்.

"அந்த மூணு அக்கா தங்கச்சி?" என்றார் டாரில், கம்மிய குரலில்.

"பொய். நானா எழுதினது."

காதின் சிவப்பு குறையவில்லை. டாரில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அது அந்தக் குட்டைக்கால் நாற்காலி. "போர்டு எழுதக் குடுத்துட்டேனே, மாப்ள. 'மூன்று சகோதரிகள் கஃபே'ன்னு, தங்க எழுத்துல." பிறகு தேறிக்கொண்டு ரோனாவிடம் கையை நீட்டினார். "சரி, கிடக்கட்டும். திங்கக்கிழமை வந்துருங்க. அடுப்பெல்லாம் பாத்து வெச்சுக்கலாம்."

"வரேன்," என்றாள் ரோனா. கையைக் குலுக்கினாள். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. "ஆனா ரொம்ப எதிர்பாக்காதீங்க. புது அடுப்புன்னா எனக்குக் கை வராது. பாதி நாள் தீச்சுத்தான் வெப்பேன்."

டாரிலின் முகம் ஒரு கணம் விழுந்தது. அடுத்த கணம் அவருக்குப் புரிந்துவிட்டது. புதுப் பாஷையில் முதல் வாக்கியம் பேசும் குழந்தையின் பெருமையோடு சொன்னார்:

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்ல."

"சும்மா சொல்லாதீங்க," என்றாள் ரோனா, நிம்மதியாக.

கூட்டம் கலையத் தொடங்கியது. இன்னஸ் அம்மாவின் தட்டைப் பார்த்தான். துகள்கூட இல்லை. காலையிலிருந்து ஊரைக் காப்பாற்றிய களைப்பில் பசித்தது. பக்கத்தில் எஃபியின் தட்டில் ஒரே ஒரு துண்டு, நியாயப்படி, நின்றுகொண்டிருந்தது.

"எடுத்துக்கோ ராசா," என்றாள் எஃபி.

"பரவாயில்ல மிஸஸ் கெடிஸ்."

"காங்கிரீட்டுதான். பல்லுக்கு நான் பொறுப்பில்ல. எடு."

"ஐயோ, வேணாம்."

"இன்னிக்கு ஒருத்தி எடுத்தாச்சு. வழக்கம் ஏற்கெனவே செத்துருச்சு. எடுடா."

எடுத்தான். கடித்தான். ஓட்ஸ் வறுபட்ட வாசனை மூக்கில் ஏறியது. அடிமாவு காங்கிரீட் இல்லை. நாக்கில் பட்டதும் கரைந்தது. காரமெல் கோந்து இல்லை. அவன் மெல்லுவதை எஃபி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இப்ப நெசத்தைச் சொல்லு," என்றாள் மெதுவாக. "என்னுதா, உங்கம்மாவுதா? எது நல்லாருக்கு?"

"எங்கம்மாவுதுதான்," என்றான் இன்னஸ்.

எஃபி காதைப் பார்க்கக் குனிந்தாள். ஆனால் அதற்குள் ரோனா பின்னாலிருந்து வந்து, மகனின் முடியை இரண்டு கையாலும் இழுத்துக் காதின் மேல் விட்டு, அழுத்தி நீவிவிட்டாள்.

"தலையைப் பாரு, பரட்டையா," என்றாள்.